பங்குச் சந்தை ஏறுகிறது, நமது சேமலாப நிதி என்னாகிறது?

(கொழும்பில் வேலை செய்யும் மலையக இளைஞர், யுவதிகளுக்காகக் கொட்டாஞ்சேனையில் நடந்த ஞாயிறு கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் நமது சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. தோட்டத்திலுள்ள குடும்பங்களும் படிக்க வேண்டியது என்பதால் முழுமையாகத் தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் உங்களுக்கு லீவு. சிலருக்கு அதுவும் அரை நாள். வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளில் நிற்கிற பிள்ளைகள் மதியச் சாப்பாட்டைப் பார்சலாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

இன்றைய விஷயத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. போன கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றபோது ஒரு தம்பி போனை நீட்டினார். "டீச்சர், ஷெயார் மார்க்கட் இருபதாயிரத்தைத் தாண்டிருச்சி. அம்மாவுக்கு ஈ.பி.எப். காசு வந்திருக்கு. போடலாமா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை 2022 ஜனவரியில் இன்னொரு பிள்ளை என்னிடம் கேட்டான். அன்றைக்குச் சரியான பதில் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒன்று. பங்குச் சந்தை என்றால் கோட்டையில் உலக வர்த்தக மையத்துக்குள்ளே கழுத்துப் பட்டி கட்டியவர்களின் சமாசாரம், நமக்கும் அதற்கும் என்ன என்று நினைக்கிறோம். இந்த நாட்டில் பங்கு விற்கவும் வாங்கவும் தரகர்கள் சங்கமாகச் சேர்ந்தது 1896-ஆம் ஆண்டு. எந்தக் கம்பனிகளின் பங்குகளை விற்பதற்கு? பெரும்பாலும் தோட்டக் கம்பனிகளின் பங்குகளை. காட்டை வெட்டித் தேயிலை போடப் பணம் வேண்டியிருந்தது. அந்தப் பணத்தைத் திரட்டத்தான் கொழும்பில் ஷெயார் வியாபாரமே தொடங்கியது. நம் பூட்டனும் பூட்டியும் மன்னார் வழியாக நடந்து வந்து வெட்டிய மலைதான் அந்தச் சந்தையின் முதல் சரக்கு. இன்றைக்கும் நம் தோட்டங்களை நடத்துகிற பெருந்தோட்டக் கம்பனிகள் பல அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 1992-இல் அரசு தோட்டங்களின் முகாமையைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது, பிறகு பங்குகளை விற்றது. ஆக, அந்தக் கட்டடத்துக்குள் நாம் ஒருநாளும் போகாவிட்டாலும் நம் கொழுந்துக் கூடை அங்கே தினமும் போய் வருகிறது.

இரண்டாவது கயிறு இன்னும் இறுக்கமானது. நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 ரூபாவும், கம்பனி போடுகிற 12 ரூபாவும் ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் போகின்றன. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான நிதியம் அது. அந்தப் பணத்தை முதலீடு செய்கிற பொறுப்பு மத்திய வங்கியிடம். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அரசாங்கத்துக்குக் கடனாகத் திறைசேரி முறிகளில் கிடக்கிறது. ஒரு சிறு பகுதி பங்குச் சந்தையில் கிடக்கிறது. நீங்கள் ஒரு பங்குகூட வாங்கியிருக்காவிட்டாலும் உங்கள் அம்மா ஏற்கனவே அந்தச் சந்தையில் இருக்கிறார். அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரி, பங்கு என்றால் என்ன? லயத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கறவைப் பசு வாங்குகிறோம் என்று வையுங்கள். ஆளுக்கு ஒரு பங்கு. பால் விற்ற காசில் தீவனச் செலவு போக மிச்சத்தைப் பிரித்துக்கொள்கிறோம். அதுதான் பங்கிலாபம். ஒருவருக்கு அவசரம் வந்தால் தன் பங்கை வேறு ஒருவருக்கு விற்கலாம். என்ன விலைக்கு? பசு நிறையப் பால் கறந்தால் விலை கூடும். அது நியாயம். ஆனால் பால் அதே அளவில் இருக்கும்போதும் பங்கின் விலை கூடுவதுண்டு. எப்போது? லயத்தில் எல்லார் கையிலும் காசு புரண்டு, அதைப் போட வேறு இடம் இல்லாதபோது. இந்த இரண்டாவது காரணத்தை நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும், பத்திரிகையில் வருகிற பாதி விஷயம் விளங்கிவிடும்.

2020-இல் கொவிட் வந்தது. மார்ச் மாதம் சந்தையை மூடினார்கள், மே மாதம் திறந்தார்கள். அப்போது அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 4,500-க்கும் கீழே விழுந்தது. மத்திய வங்கி வட்டியைக் குறைத்தது. வங்கிகளுக்கு அது கொடுக்கிற கடன் வட்டி 5.5 வீதத்துக்கு வந்தது. வங்கியில் போட்ட காசுக்கு ஐந்து வீதம், ஆறு வீதம். வாகன இறக்குமதிக்குத் தடை. டொலரை ஏறக்குறைய 200 ரூபாவில் கட்டிப் பிடித்து வைத்திருந்தார்கள். காசு வைத்திருந்தவன் என்ன செய்வான்? வாகனம் வாங்க முடியாது, வங்கியில் போட்டால் ஒன்றும் தேறாது. ஷெயார் வாங்கினான். அதே நேரம் வீட்டிலிருந்தே போன் மூலம் கணக்குத் திறக்கவும் வழி வந்தது. தரகர்கள் கடனும் கொடுத்தார்கள். நூறு ரூபா வைத்திருந்தால் கூட ஐம்பது ரூபாவைக் கடனாக எடுத்து வாங்கு என்கிற மாதிரி.

விளைவு, 2021 முடியும்போது சுட்டெண் 12,000-க்கு மேல். 2022 ஜனவரியில் 13,000-ஐயும் தாண்டியது. இருபது மாதத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு.

அந்த இருபது மாதத்தில் நாடு எப்படி இருந்தது? 2019 முடிவில் 760 கோடி டொலராக இருந்த வெளிநாட்டுக் கையிருப்பு 2021 முடிவில் 310 கோடியாக இறங்கியது. 2021-இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தார்கள். மலையில் கொழுந்து மஞ்சளித்ததை நீங்கள் பார்த்தீர்கள், உங்கள் அம்மாமார் நிறை காணாமல் அரைப் பேர் வாங்கிக்கொண்டு வந்தார்கள். 2021 டிசெம்பரில் பிட்ச் என்ற சர்வதேசத் தரப்படுத்தல் நிறுவனம் இலங்கையை, கடன் கட்டத் தவறும் வாய்ப்பு அதிகம் என்ற மிகக் கீழான தரத்துக்கு இறக்கியது. அதற்குப் பிறகும் சந்தை ஒரு மாதம் ஏறியது. பசு இளைத்துக்கொண்டே இருந்தது, பங்கின் விலை ஏறிக்கொண்டே இருந்தது.

படித்தவர்கள் சொல்வார்கள், பங்குச் சந்தை எதிர்காலத்தை முன்கூட்டியே பார்க்கும் என்று. 2022 ஜனவரியில் அது மூன்று மாதத்துக்கு அப்பால் இருந்த பள்ளத்தைப் பார்க்கவில்லை. அது பார்த்தது ஒன்றைத்தான்: வட்டி குறைவாக இருக்கிறது, காசு மலிவாக இருக்கிறது.

இப்போது அந்தப் பிள்ளையின் கதை. பெயர் வேண்டாம். என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவன், கணக்கில் கெட்டிக்காரன். வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை. மேல் மாடியில் ஆறு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தான். முப்பது வருடம் கொழுந்து பறித்த அவனுடைய அம்மா பென்சனுக்குப் போய் ஈ.பி.எப். காசு வந்தது. அதில் நாலு இலட்சத்தை எடுத்தான். கடைக்குச் சாமான் வாங்க வருகிற ஒருவர் கணக்குத் திறந்து கொடுத்தார். "டீச்சர், போன வருசம் போட்டவங்களுக்கு ரெட்டிப்பாச்சி" என்றான். நான் "பார்த்துச் செய்யப்பா" என்றேன். ஆசிரியர்கள் தெரியாத விஷயத்துக்குச் சொல்கிற பதில் அது. அவன் போட்டான்.

மார்ச் 7-ஆம் திகதி டொலரைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். 200 ரூபா டொலர் சில வாரத்தில் 300-ஐத் தாண்டி, மே மாதமளவில் 360 ஆயிற்று. ஏப்ரல் 8-ஆம் திகதி மத்திய வங்கி தன் வட்டியை ஒரே நாளில் 7 புள்ளி கூட்டி 14.5 வீதமாக்கியது. ஏப்ரல் 12-ஆம் திகதி, சித்திரைப் புதுவருசத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். வருசம் முடிந்து சந்தை திறக்க வேண்டிய வாரம் முழுக்க மூடியே வைத்தார்கள். ஏப்ரல் 25-ஆம் திகதி திறந்தார்கள். அன்று ஒரே நாளில் சுட்டெண் 12 வீதத்துக்கு மேல் விழுந்தது.

ஏன் விழுந்தது? பசு இளைத்தது ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் வட்டி. வங்கியில் ஐந்து வீதம் கிடைத்தபோது ஷெயாருக்கு ஓடிய காசு, திறைசேரி உண்டியலுக்கு இருபது வீதம், பிறகு முப்பது வீதம் என்று வந்ததும் அங்கே திரும்பி ஓடியது. தரகரிடம் கடன் வாங்கி வாங்கியவர்களை "காசு கட்டு, இல்லாவிட்டால் உன் பங்கை விற்கிறேன்" என்றார்கள். அவர்கள் விற்க, விலை இன்னும் விழ, அடுத்தவரும் விற்க வேண்டி வந்தது. நம் பக்கத்தில் நகையை மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போகிற மாதிரிதான்.

அந்தப் பிள்ளை கடன் வாங்கவில்லை, அந்த மட்டும் தப்பினான். ஆனால் மே மாதம் கடையில் அரை நாள் வேலை, அரைச் சம்பளம். ஊரில் கோதுமை மாவின் விலை ஏறிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்குப் பிரஷர் மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியே வாங்க வேண்டும். நாலு இலட்சம் இரண்டரைக்குக் கீழே வந்திருந்தது. விற்றான். விற்றுவிட்டு எனக்குப் போன் பண்ணவில்லை. ஆறு மாதம் கழித்து ஹட்டன் பஸ் நிலையத்தில் கண்டபோதுதான் சொன்னான்.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான். அந்தப் பங்குகளை அவன் விற்காமல் 2024 முடியும் வரைக்கும் வைத்திருந்தால் போட்ட காசு திரும்பியிருக்கும். சுட்டெண் 2024 முடிவில் 15,900-க்கு மேல். 2025-இல் 20,000-ஐயும் தாண்டியது. "விழுந்த சந்தை எழும், பொறுத்தவர் பூமி ஆள்வார்" என்று தரகர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் பொறுப்பதற்கும் காசு வேண்டும். மா வாங்க வழியில்லாதவன் எப்படிப் பொறுப்பான்? அவன் மே மாதம் விற்ற பங்கை யாரோ ஒருவர் வாங்கினார். அவரிடம் மாவுக்கும் மருந்துக்கும் மேலதிகமாகக் காசு இருந்தது. இன்றைக்கு அந்த இலாபம் அவருடையது. நெருக்கடி என்பது பங்குகளைக் காத்திருக்க முடியாதவர்களின் கையிலிருந்து காத்திருக்க முடிந்தவர்களின் கைக்கு மாற்றுகிற வேலையைச் செய்கிறது. இலங்கையில் மட்டும் அல்ல, எங்கும் அப்படித்தான்.

இதற்கு முன்பும் பார்த்திருக்கிறோம். 2008-இல் அமெரிக்க வங்கிகள் சரிந்தபோது கொழும்புச் சுட்டெண் அந்த ஒரு வருடத்தில் நாற்பது வீதம் விழுந்து 1,500-க்கு வந்தது. தேயிலை விலையும் அந்தக் கடைசி மாதங்களில் சரிந்தது. 2009-இல் யுத்தம் முடிந்தது, வட்டி இறங்கியது; 2010 முடியும்போது சுட்டெண் 6,600. இரண்டு வருடத்தில் நாலு மடங்கு. உலகத்திலேயே வேகமாக ஏறிய சந்தைகளில் ஒன்று என்று பெருமையாக எழுதினார்கள். அதே 2009-இல் கூட்டு ஒப்பந்தம் செய்தோம். எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து நாளுக்கு 405 ரூபா. அதற்கு நாம் மெதுவாக வேலை செய்யும் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

அந்த ஏற்றத்தின் கடைசியில் நம் சேமலாப நிதியத்தின் காசும் பங்குகள் வாங்கப் போனது. விலை ஊதிப் பெருத்த சில பங்குகளை நிதியத்தின் தலையில் கட்டினார்கள் என்று பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் கேள்வி எழுந்தது. சந்தையைக் கண்காணிக்கிற ஆணைக்குழுவின் தலைவர்கள் இருவர் 2011-இலும் 2012-இலும் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள். பின்னாளில் மத்திய வங்கியே நிதியத்தின் பங்கு வியாபாரங்களைத் தடயவியல் கணக்காய்வுக்குக் கொடுத்தது. 2020 தொடக்கத்தில் அறிக்கைகள் பாராளுமன்றத்துக்கு வந்தன. நம் அம்மாமாருக்கு யாராவது தமிழில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார்களா? நான் காணவில்லை.

திரும்ப 2022-க்கு வருவோம். சந்தைக்கே போகாத நம் அம்மாமாருக்கு அந்த வருடம் என்ன நடந்தது? இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிற மாதிரி மெதுவாகச் சொல்கிறேன், பிள்ளைகள் போனில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2022 தொடக்கத்தில் ஒரு தொழிலாளியின் கணக்கில் 5 இலட்சம் என்று வைப்போம். அந்த வருடம் நிதியம் கொடுத்த வட்டி 9 வீதம். வருட முடிவில் 5 இலட்சத்து 45 ஆயிரம். கூடியிருக்கிறது, சந்தோசம். ஆனால் 2021 டிசெம்பரில் 5 இலட்சத்துக்கு வாங்கக்கூடிய சாமானை 2022 டிசெம்பரில் வாங்க எவ்வளவு வேண்டும்? கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அந்த டிசெம்பரில் பணவீக்கம் 57.2 வீதம். ஆகவே 7 இலட்சத்து 86 ஆயிரம் வேண்டும். கையில் இருப்பது 5 இலட்சத்து 45 ஆயிரம். முன்பு நூறு ரூபாச் சாமான் வாங்கிய காசு இப்போது 69 ரூபாச் சாமானைத்தான் வாங்கும். நூற்றுக்கு முப்பது போய்விட்டது.

அதே வருடம் பங்குச் சுட்டெண் எவ்வளவு விழுந்தது தெரியுமா? அதுவும் ஏறக்குறைய முப்பது வீதம்தான். நியாயமாகச் சொல்வதென்றால், பங்கு வைத்திருந்தவர் விலைவாசியையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் அதிகம் இழந்தார். ஆனால் அவருக்குப் பிறகு ஏறி வர வழி இருந்தது. நம் அம்மா "பத்திரமான" இடத்தில் வைத்திருந்த காசு ஒரு பங்குகூட வாங்காமலே முப்பது வீதம் கரைந்தது.

அந்த மாதங்களை மறந்திருக்க மாட்டீர்கள். செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் லீற்றர் ஓகஸ்ட் மாதம் ஒரேயடியாக 340 ரூபா. லயத்தில் விளக்குக்கும் அடுப்புக்கும் மண்ணெண்ணெயை நம்பியிருந்த வீடுகள் எத்தனை! என் வகுப்பில் காலையில் வெறும் தேத்தண்ணீரோடு வந்து பத்து மணிக்குத் தலையைக் கவிழ்த்துப் படுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களைப் பேர் சொல்லி எழுப்பப் பயமாக இருந்தது.

அதே நேரம் கம்பனிகளின் பக்கம் பாருங்கள். தேயிலை டொலருக்கு விற்கிறது. டொலர் 200-லிருந்து 360 ஆனதும் அதே தேயிலைக்கு ரூபாக் கணக்கில் விலை எகிறியது. கொழும்புத் தேயிலை ஏலத்தில் 2022-இன் சராசரி விலை முந்திய வருடத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. உரம், எரிபொருள் செலவும் கூடியது, கொழுந்தும் குறைந்தது. 2021-இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022-இல் 25 கோடிக்கு வந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. என்றாலும் பல கம்பனிகள் அந்த வருடம் நல்ல இலாபம் காட்டின, அவற்றின் பங்குகளைத் தேடி வாங்கினார்கள். நம் சம்பளம்? 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபா. அன்று அது ஐந்து டொலர். 2022 மே மாதம் அதே ஆயிரம் மூன்று டொலருக்கும் குறைவு. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவும், உற்பத்திக்கு ஏற்ற 350 ரூபாவும் என்று வரும் வரைக்கும் மூன்றரை வருடம் அந்த ஆயிரத்தில் நின்றோம். ரூபா விழுந்ததால் கிடைத்தது ஓரிடத்துக்குப் போனது, ரூபா விழுந்ததால் இழந்தது நம் அடுப்படிக்கு வந்தது.

இனி நெருக்கடிக்குப் பிந்திய கதை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கடனை மறுசீரமைக்க வேண்டும் என்பது நிபந்தனை. வெளிநாட்டுக் கடன் மட்டும் போதாது, உள்நாட்டுக் கடனிலும் கை வைக்க வேண்டும் என்றார்கள். யாரிடம் வாங்கிய கடனில்? 2023 ஜூன் கடைசியில், வங்கிகள் ஐந்து நாள் மூடியிருந்தபோது, அது வெளிவந்தது. ஜூலை 1-ஆம் திகதி, சனிக்கிழமை, பாராளுமன்றம் ஒப்புக்கொண்டது. வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. தனியார் வாங்கி வைத்திருந்த முறிகளையும் உண்டியல்களையும் தொடவில்லை. தொட்டது ஓய்வுகால நிதியங்களை. அவற்றில் பெரியது நம் சேமலாப நிதியம்.

பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு 2027 முதல் 2038 வரை முதிர்கிற புதிய முறிகளை எடுக்க வேண்டும். 2025 வரை 12 வீத வட்டி, அதற்குப் பிறகு 9 வீதம். ஒப்புக்கொள்ளாவிட்டால் நிதியத்தின் வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும். இதற்குப் பெயர் விருப்பத் தெரிவு! துரை பிரட்டுக்களத்தில் "இஷ்டமிருந்தா ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வா, வராட்டி நாளைக்குப் பேர் இல்லை" என்று சொல்வது மாதிரி. நிதியம் ஒப்புக்கொண்டது. அந்த ஐந்து நாள் கழிந்து ஜூலை 4-ஆம் திகதி சந்தை திறந்தபோது வங்கிப் பங்குகள் துள்ளின. அந்த மாதம் முழுக்கச் சுட்டெண் ஏறியது. வங்கிகள் தப்பின என்ற செய்திக்குச் சந்தை கொடுத்த மாலை அது. அந்த மாலையில் நம் பூவும் இருந்தது.

அரசின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். வங்கி சரிந்தால் உங்கள் சேமிப்புப் புத்தகமும் போகும், சிறு வியாபாரியின் வைப்பும் போகும் என்றார்கள். அது உண்மை. உறுப்பினர்களின் இருப்பில் ஒரு சதமும் வெட்ட மாட்டோம், வட்டி 9 வீதத்துக்குக் குறையாது என்றும் சொன்னார்கள். 2023-க்கு நிதியம் 13 வீதமும் 2024-க்கு 11 வீதமும் வட்டி கொடுத்தது; 2024 முடிவில் விலைவாசி சற்று இறங்கவும் செய்தது. ஆக எல்லாமே போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. 2022-இல் கையில் காசு வைத்திருந்தவர் அரசுக்கு மூன்று மாதக் கடன் கொடுத்து முப்பது வீதத்துக்கு மேல் வட்டி வாங்கினார். அதே அரசுக்கு, அதே வருடம், நம் காசுக்கு 9 வீதம். பிறகு வெட்ட வேண்டி வந்தபோது அவரைத் தொடவில்லை, நம்மைத் தொட்டார்கள். ஏன்? நிதியம் நீண்டகாலம் காத்திருக்கக் கூடியது என்பது அவர்கள் சொன்ன காரணம். நிதியம் காத்திருக்கும் தோழர்களே, 2038 வரைக்கும்கூடக் காத்திருக்கும். ஐம்பது வயதில் முதுகு வளைந்து பென்சனுக்குப் போகிற ஒரு கொழுந்துக்காரி காத்திருப்பாளா?

வட்டி மறுபடி இறங்கத் தொடங்கியது அந்த 2023 ஜூன் மாதத்தில்தான். 16.5 வீதத்தில் நின்ற மத்திய வங்கி வட்டி படிப்படியாக இறங்கி 2025-இல் எட்டுக்கும் கீழே வந்தது. வங்கி வைப்புக்கு வட்டி குறைந்தது. காசு மறுபடி சந்தைக்கு ஓடுகிறது. கம்பனிகளின் இலாபமும் தேறியிருக்கிறது, சுற்றுலா வந்திருக்கிறது, வெளிநாட்டிலிருந்து நம் அக்கா தங்கைகள் அனுப்புகிற காசும் வருகிறது. ஆகவே இந்த ஏற்றம் 2021-இன் ஏற்றத்தைப் போல வெறும் காற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2023-இல் இலங்கையில் நாலில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று உலக வங்கி கணித்த அதே வருடத்தில் சுட்டெண் இருபது வீதத்துக்கு மேல் ஏறியது. இரண்டும் ஒரே நாட்டில்தான் நடந்தன.

அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அவர் இதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறார். ஷெயாரில் போடுவது பாவமும் இல்லை, சூதும் இல்லை. ஆனால் அம்மாவின் ஈ.பி.எப். காசை அதில் போடாதீர்கள். அது காத்திருக்க முடியாத காசு. கூரைத் தகரம் மாற்ற, மருந்து வாங்க, தங்கையைப் படிக்க வைக்க என்று நாள் குறித்து வைத்த காசு. உங்கள் சம்பளத்தில் மிஞ்சுகிற காசு, மூன்று நாலு வருடம் தொடாமல் விடக்கூடிய காசு இருந்தால், அதில் கொஞ்சம் போட்டுப் பழகுங்கள். கடன் வாங்கிப் போடாதீர்கள், யார் எவ்வளவு இனிக்க இனிக்கச் சொன்னாலும் சரி. எந்தக் கம்பனி என்று கேட்டால், அதன் ஆண்டறிக்கையைத் திறந்து பசு எவ்வளவு பால் கறந்தது என்று பாருங்கள். பிறகு இரண்டு விஷயத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள்: மத்திய வங்கி வட்டி எந்தப் பக்கம் போகிறது, டொலர் எந்தப் பக்கம் போகிறது. வட்டி ஏறத் தொடங்கினால் சந்தைக்கு வெளியே போகிற கதவு ஒடுங்கும்.

பெருந்தோட்டக் கம்பனிகளின் ஆண்டறிக்கையைச் சங்கத்துக்காகவும் படியுங்கள். பட்டியலில் உள்ள கம்பனி ஒவ்வொன்றும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்கை வெளியிட்டே ஆக வேண்டும். சம்பளப் பேச்சில் "நட்டம், நட்டம்" என்று சொல்பவர்கள் பங்குதாரருக்கு என்ன எழுதினார்கள் என்று அதில் இருக்கும். ஆங்கிலத்தில் இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. ஏ.எல். படித்துவிட்டு இங்கே பில் போடுகிற பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கம்பனியின் கணக்கைத் தமிழாக்கிவிடலாம். செய்தால் இந்தப் பத்திரிகையில் போடுகிறோம்.

நிதியத்தின் முதலீட்டைத் தீர்மானிக்கிற இடத்தில் உறுப்பினர்களின் பிரதிநிதி இருக்க வேண்டும், வருடாந்தக் கணக்கு தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் வர வேண்டும் என்பது நம் கோரிக்கை. அதைக் கேட்பதற்கு முன் நம் கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது, என் அம்மாவின் அங்கத்துவ இலக்கத்தையே நான் 2022-இல்தான் தேடிப் பார்த்தேன். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். ஒரு எழுத்து வித்தியாசம். அதைத் திருத்த எட்டு மாதம் நடந்தோம். அதற்கிடையில் அவருடைய காசு எவ்வளவு கரைந்தது என்று மேலே சொன்ன கணக்கில் நீங்களே பார்க்கலாம். இங்கே இருக்கிற பாதிப் பேரின் வீட்டில் இதே கதை இருக்கும். சில தோட்டங்கள் பிடித்த காசை நிதியத்துக்குக் கட்டாமலும் வைத்திருக்கின்றன, அரச முகாமையில் உள்ளவையும் சேர்த்துத்தான்.

ஆகவே இன்று இரவே வீட்டுக்குப் போன் பண்ணி அம்மா, அப்பாவின் அங்கத்துவ இலக்கம், தோட்டத்தின் இலக்கம், அடையாள அட்டையில் உள்ள பெயர், சம்பளத் துண்டில் உள்ள பெயர், நாலையும் எழுதி வாங்குங்கள். எழுத்துக்கு எழுத்து அப்படியே வேண்டும், போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு இதே இடத்தில் மேசை போட்டு உட்காருவோம். வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்கு அன்று கடை லீவு கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், இரவு எட்டு மணிக்குக் கடை பூட்டிய பிறகு நானே அங்கே வருகிறேன். நாரஹேன்பிட்டி தொழில் செயலகத்துக்குத் திங்கட்கிழமை காலை எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோவோம். முதல் பெயராக, அந்த இரண்டாவது வரிசைத் தம்பியின் அம்மாவுடையதை எழுதிக்கொள்கிறேன்.